புஷ் தேயும் வரை

என் அக்கா கடிகாரத்தைப் பார்த்துத் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பதில்லை. முடிச்சூர் பக்கம் அவள் வீடு. சாயங்காலமானால் மெயின் ரோட்டிலிருந்து ஒரு சத்தம் தெருவுக்குள் திரும்பும். டொடக், டொடக் என்று இரும்பு இரும்பை இடிக்கிற சத்தம், ரோட்டுப் பள்ளத்துக்கு ஒன்று வீதம். அதைக் கேட்டதும் கல்லை ஏற்றி எண்ணெய் தடவுவாள். கல் காய்வதற்கும், காதர் மச்சான் ஜேசிபியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கைகால் கழுவி உள்ளே வருவதற்கும் சரியாக இருக்கும். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும், முன்னால் மண் வாரும் அகலத் தட்டும் பின்னால் பள்ளம் தோண்டும் கையும் உள்ள மஞ்சள் வண்டிக்கு நம் ஊரில் அந்த ஒரே பெயர்தான். லீவில் வந்த முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு நான் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உக்காரு தம்பி. உன் மச்சான்தான் வர்றாரு" என்றாள்.

நான் எழுந்ததற்குக் காரணம் பழக்கம். ஓமானில் சோஹார் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியின் யார்டில் நான் மெக்கானிக். அங்கே ஒரு வண்டி அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் அதற்கு முன்னால் போய்க் கையைக் காட்டி நிறுத்த வேண்டியது என் வேலை. சாவியைப் பிடுங்கி, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவேன். கட்டிவிட்டால் கம்பெனி முதலாளியே வந்தாலும் வண்டியை நகர்த்த முடியாது. 'கலாஸ்', முடிந்தது, என்று சொல்லிவிட்டு டிரைவர் நிழலைத் தேடிப் போய்விடுவார். அங்கே சத்தம் என்றால் நோய். இங்கே அதே சத்தத்துக்குத் தோசைக்கல் காய்கிறது. ஒரே இரும்பு, ஒரே தேய்மானம். நான்தான் இரண்டுக்கும் நடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. அந்த வண்டியின் பின்கைக்கும் நம் கைபோல மூட்டுகள் உண்டு. ஒவ்வொரு மூட்டிலும் குறுக்கே ஒரு தடித்த இரும்பு உருளை, அது பின். அந்தப் பின் உட்கார்ந்து திரும்புவதற்கு ஒரு குழாய்த்துண்டு, அது புஷ். வண்டியின் உடம்பு தேயக்கூடாது என்பதற்காகத் தேய்வதுதான் புஷ்ஷின் உத்தியோகம். தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் மூட்டு ஆட்டம் கொடுக்கும். மேலே ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு ஆட்டம் இருந்தால் கீழே மண்ணைத் தோண்டி அள்ளும் பக்கெட்டின் நுனி ஒரு சாண் அலையும். டிரைவர் ஓரிடத்தைக் குறிவைப்பார், பக்கெட் வேறிடத்தில் கடிக்கும்.

மச்சானின் வண்டி கடித்தது கோவிலம்பாக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயை. அங்கே தனசேகர் என்பவர் வீட்டுமனைகளுக்கு வடிகால் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்தில் நெல் போட்ட நிலங்கள்தாம் இப்போது அவர் விற்கும் மனைகள். குழாய் உடைந்து தெருவே தண்ணீரில்லாமல் கிடந்த அன்று அவர் மச்சானைக் கூப்பிட்டு, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். "வண்டிய டைட் பண்ணிட்டு வா பாய். ஒரு நாள் குழாய் ஓரமா தோண்டிக் காட்டு. சரியா இருந்தா எல்லா லேஅவுட்டும் உனக்குத்தான். இல்லன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்றாராம். அதுவரை மச்சானுக்கு அங்கங்கே சில்லறை வேலைகள்தான். மச்சான் இதைப் போனில் சொன்னபோது நான் சோஹாரில் ஒரு டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது கவலை. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது ஒரு வாசல் திறக்கிற மாதிரி இருந்தது. வண்டி சரியானால் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால் இன்னொரு வண்டி வாங்குவார். இரண்டு வண்டி என்றால் கூடவே ஒரு மெக்கானிக் வேண்டும். அந்த மெக்கானிக் திரும்பிப் போகவேண்டியதில்லை.

எனக்குத் திரும்பி வர இந்த அக்கா வீட்டைத் தவிர வேறு வீடில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அதைப் பற்றி இங்கே வேண்டாம். வெயிலில் காய்ந்த இரும்பைத் தொட்டுத் தொட்டு அலுத்துவிட்டது. ஏ.சி. அறையில் மூன்று பேருடைய குறட்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. லீவுக்குக் கிளம்பும்போது எங்கள் சூப்பர்வைசர் சயீத், விசா புதுப்பிக்கும் தாளில் இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார். வந்து போடுகிறேன் என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலை ஆட்டி, "சம்பளம் ஏறாது. மாஃபி, கிடையாது" என்றார். சம்பளம் கூட்டிக் கேட்கத்தான் இழுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. இனி வரமாட்டேன் போலிருக்கிறது என்பதை எந்தப் பாஷையில் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆகவே இந்த முறை என் பெட்டியில் பால்பவுடரும் இல்லை, சென்ட் பாட்டிலும் இல்லை. மச்சானிடம் வண்டியின் மாடல் நம்பரைக் கேட்டு வாங்கி, அதற்கான ஒரிஜினல் பின்னும் புஷ்ஷும் வாங்கி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அடுக்கினேன். மஸ்கட்டில் சாமான் சோதனை செய்த ஓமானி இளைஞர் ஒரு பின்னைத் தூக்கிப் பார்த்து யாருக்கு என்று கேட்டார். அக்கா புருஷனுக்கு, ஹதியா, அன்பளிப்பு என்றேன். "அவரை உனக்குப் பிடிக்காதா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்கவேயில்லை. சென்னையில் இன்னொரு கூத்து. வளைகுடாவிலிருந்து ஒருவன் பெட்டி நிறைய உருளை இரும்போடு வந்தால் உள்ளே தங்கம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதிகாரி அரத்தால் சுரண்டிப் பார்த்தார், எடை போட்டார், தட்டிப் பார்த்தார். கடைசியில், "இரும்பு வாங்கவா சார் அவ்ளோ தூரம் போனீங்க?" என்று சலித்துக்கொண்டார். அந்தக் கேள்வியை நான் என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறேன்.

மறுநாளே வேப்பமரத்தடியில் வேலையைத் தொடங்கினோம். பின்கையைத் தரையில் சாய்த்து, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, சம்மட்டியால் பழைய பின்னை அடித்துக் கழற்றினோம். தேய்ந்து இடுப்பு ஒடுங்கிப்போயிருந்தது. புஷ் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக ஒரு தகடுதான் மிஞ்சியிருந்தது. நான் புஷ் உட்காரும் ஓட்டையைத் துடைத்து, கொண்டுவந்த புது புஷ்ஷைக் காகிதம் பிரித்து, ஓட்டையின் வாயில் வைத்தேன். அங்கே யார்டில் அதை உள்ளே ஏற்ற ஜாக்கி வைத்து அழுத்த வேண்டும். இங்கே நான் வைத்த கையை எடுத்தேன், அது ஓட்டைக்குள் புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, மண்ணில் உருண்டுபோய் மச்சானின் செருப்பில் இடித்து நின்றது.

மச்சான் குனிந்து அதை எடுத்து, மண்ணை ஊதித் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"ஓட்டை பெருசா இருக்கே மச்சான்" என்றேன்.

"ஆமா. அது அப்பவே தேஞ்சு போச்சுன்னு பெருசா கடைஞ்சு ஓவர்சைஸ் போட்டதாச்சே. பக்கெட்டுலயும் அப்டித்தான் கீது" என்றார், ஏதோ வண்டியின் நிறத்தைச் சொல்வதுபோல.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ மாடல் நம்பர் கேட்ட மாப்ள, சொன்னேன். சைஸு கேட்டியா?"

அவர் மேல் குற்றமில்லை. பழைய வண்டி என்றால் புத்தகத்தில் உள்ள அளவு இருக்காது என்பது தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜேசிபி வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். அதைப் போய் யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? நானோ, மாடல் நம்பர் தெரிந்தால் அளவும் தெரியும் என்கிற ஊரில் இத்தனை காலம் இருந்துவிட்டேன். அங்கே ஓட்டையைப் பெரிதாக்கமாட்டார்கள், புதுக் கையையே வாங்கிவிடுவார்கள். ஆக, இந்த வண்டி ஃபாக்டரியை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அந்த வண்டிக்குத்தான் நான் பின் கொண்டு வந்திருந்தேன். அது இந்த ஊரில் உழைத்து என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. கோபம் வந்தது. பட்டென்று சிரிப்பும் வந்தது. அக்கா டீயோடு வந்து எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, டம்ளர்களைக் கட்டைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு எங்களுக்குள் நடந்தது சண்டை என்று சொல்லமாட்டேன், ஆனால் பேச்சுவார்த்தை என்றும் சொல்ல முடியாது. ஓட்டைக்குள் இரும்பு வளையம் வைத்து வெல்டிங் செய்து, மறுபடி புத்தக அளவுக்குக் கொண்டுவரலாம் என்றேன். அது சரியான முறை. ஆனால் எல்லா மூட்டுக்கும் அப்படிச் செய்ய நாளாகும். தனசேகர் அத்தனை நாள் பொறுக்கமாட்டார். "கீற ஓட்டைக்கு ஏத்த மாரி பின்னு கடைஞ்சுக்கலாம் வா" என்றார் மச்சான். நான் விடவில்லை. ஓட்டை முட்டை வடிவத்தில் கோணியிருக்கிறது, முதலில் அதை உருண்டையாகக் கடைந்தால்தான் புது புஷ்ஷைப் போடவிடுவேன் என்றேன். கடைசியில் அவர் சொன்ன அளவு, நான் சொன்ன முறை என்று முடிவாயிற்று. யாருக்கும் முழுத் திருப்தியில்லாத ஏற்பாடு, அதனால்தான் நடந்தது.

பல்லாவரத்தில் மச்சானுக்குப் பழக்கமான லேத்துப் பட்டறை ஒன்று உண்டு. பட்டறைக்காரர் ஏழுமலை, நான் தூக்கிப்போன ஒரிஜினல் பின்னைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சரக்கு சோக்கா கீது சார். ஆனா இதுக்கேத்த வண்டி இந்தப் பக்கம் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். புது புஷ்ஷின் உள்ளே கிரீஸ் ஓடுவதற்கு ஒரு பள்ளம் வெட்ட வேண்டும், அது கிரீஸ் அடிக்கிற துவாரத்துக்கு நேராக வர வேண்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். "இத்தினி வருசத்துல எவனும் இதெல்லாம் கேட்டதில்ல சார், பேஜார் பண்றீங்களே" என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். நன்றாகவே வெட்டினார். அவர் கடைகிற வேகத்தில் எங்கள் யார்டில் ஒரு கோரிக்கைத் தாள்கூட நிரப்பி முடிக்கமாட்டோம், அதையும் சொல்ல வேண்டும்.

புஷ்ஷைக் குளிரவைத்தால் நூலளவு சுருங்கும், ஓட்டைக்குள் அடிக்காமல் நுழையும், பிறகு சூடேறி விரிந்து பிடித்துக்கொள்ளும். யார்டில் அதற்கென்றே ஒரு ஃப்ரீஸர் இருக்கிறது. இங்கே அக்காவின் ஃப்ரிட்ஜில் கறிப் பொட்டலங்களைத் தள்ளிவிட்டு, பாலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்தேன். "கறி வைக்கிற எடத்துல என்னத்தடா வச்சிருக்க?" என்று அக்கா கத்தினாள். "தொடாதே அக்கா, கெட்டுப்போயிடும்" என்றேன். "இரும்பு கெட்டுப்போவுமா?" என்று அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றிய நாட்கள் அவை. காலையில் எழுந்ததும் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முதுகு வலித்தது, ஆனால் அது வேறு வலி.

வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் லீவில் வந்தவனிடம் கேட்கிற அந்த இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க? இந்தத் தடவை இரண்டாவது கேள்விக்கு, பார்க்கலாம் என்று சொல்லிவந்தேன். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. இருக்கப்போகிறேன் என்று நானே மச்சானிடமோ அக்காவிடமோ சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அது கேட்பதாகிவிடும். அவர்களாக ஒரு வார்த்தை, இருந்துடேன் என்று, சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வண்டி முதலில் ஜெயிக்கட்டும், பிறகு தானாக வரும் என்று நினைத்தேன்.

கோவிலம்பாக்கத்தில் சோதனைநாள் காலையில் தனசேகர் பள்ளத்தின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள், முன்ஜாக்கிரதையாக நிரப்பி வைத்துக்கொண்டு. "பாய், இன்னிக்காவது எங்க தண்ணிய வுட்டு வைப்பீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். மச்சானின் உதடு அசைந்தது, துஆ ஓதியிருப்பார். நான் குழாய்க்குப் பக்கத்தில் பள்ளத்திலேயே நின்றேன். பக்கெட் இறங்கியது. அவர் எங்கே நினைத்தாரோ அங்கே நின்றது. அலையவில்லை, சத்தமில்லை. குழாயின்மேல் இருந்த மண்ணைப் பல்லால் தொடாமல், சிக்கில்லாத தலையில் சீப்பு போகிற மாதிரி வழித்துக்கொண்டு போனார். கறுப்புக் குழாய் நெடுக வெளியே தெரிந்தது. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. தனசேகர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "நாளைலேருந்து வந்துடு பாய்" என்றார். குடத்தோடு நின்றவர்கள் கலைந்து போனார்கள்.

டீக்கடையில் மச்சான் என் தோளில் கை போட்டார். அவர் அப்படியெல்லாம் போடுகிறவர் இல்லை. கண் கலங்கியிருந்தது. "உன் கை பட்டுட்டுது மாப்ள. இனிமே நாலு வருசத்துக்கு வண்டி வாயத் தொறக்காது. ஒரு தொந்தரவும் இல்ல. நீ நிம்மதியா போய்ட்டு வா" என்றார்.

டீயைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "கூட ஒரு மெக்கானிக் இருந்தா நல்லதுல்ல மச்சான்?" என்றேன்.

"இன்னாத்துக்கு? அதான் சுத்தமா டைட் பண்ணிட்டியே. இன்னும் ஒரு வண்டியெல்லாம் இந்த வயசுல நான் எங்க மேய்க்கிறது? சும்மா ஒக்கார வச்சு எவனுக்குப்பா சோறு போட முடியும்?" என்று சிரித்தார்.

நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சத்தியமாக அப்படித்தான். என்னைப் பற்றி என்று ஒரு நிமிடம் தோன்றியிருந்தால் அந்த டீக்கடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார், எனக்குத் தெரியும். அதனாலேயே நான் மேற்கொண்டு பேசவில்லை. பதினைந்து வார்த்தை அரபியிலும் அரைகுறை இந்தியிலும் யார்டில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் புரியவைத்துவிடுகிறேன். பிறந்து வளர்ந்த ஊரில், சொந்த மச்சானிடம், நல்ல தமிழில் சொன்னது போய்ச் சேரவில்லை. அவர் பார்த்திருக்கிற மாப்பிள்ளை லீவில் வந்து போகிறவன். போகாத மாப்பிள்ளையை அவர் பார்த்ததேயில்லை. நான் மட்டும் வேலையைக் கொஞ்சம் சுமாராகச் செய்திருந்தால் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. அப்படிச் செய்ய என் கைக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் நான் உள்ளறையில் படுத்திருந்தேன். "யா அல்லா, எப்ப வந்தீங்க?" என்று அக்காவின் குரல் கேட்டது. மச்சான் கைகால் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. வண்டி தெருவுக்குள் வந்ததும் மரத்தடியில் நின்றதும் அவளுக்குத் தெரியவேயில்லை. தெருவில் போகிற எத்தனையோ வண்டிகளில் ஒன்று என்று இருந்துவிட்டாள். "பாத்தியா, உன் தம்பி வேல" என்று மச்சான் பெருமையாகச் சொன்னார். அக்கா அவசர அவசரமாகக் கல்லை ஏற்றினாள். "அந்தச் சத்தம் இருந்தா நல்லா இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொன்னாள். அந்த வீட்டில் என் மனதிலிருந்ததைச் சொன்னது அவள் ஒருத்திதான், அதுவும் தெரியாமல்.

பெட்டியைக் கட்டியதும் அவள்தான். இரும்பு இருந்த இடத்தில் இட்லிப்பொடி, இஞ்சி ஊறுகாய், வறுத்த முந்திரி. எடை கூடுகிறது என்றேன். "வரும்போது இரும்பத் தூக்கிட்டு வருவ, போகும்போது பொடிக்கு அழுவியா?" என்றாள். பிறகு, பெட்டியை மூடிக்கொண்டே, "அடுத்த தடவை எப்ப வருவ?" என்று கேட்டாள். நான் இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் பிரிகிற துக்கம் இருந்தது, ஆனால் அது பழகிய துக்கம், எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த துக்கம். அதைக் கலைக்க எனக்குத் தெம்பில்லை. சீக்கிரம் வருவேன் அக்கா என்றேன்.

கொண்டுவந்த ஒரிஜினல் பின்கள் அக்கா வீட்டிலேயே கிடக்கின்றன. அவற்றில் இரண்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமலிருக்கப் பாரமாக உட்கார்ந்திருக்கின்றன. நான் கிளம்பிய அன்று அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் அக்கா ஆகாயத்தைப் பார்த்திருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து ஏறுகிற விமானங்கள் தூரத்தில் தெரியும். "எது உன் பிளேன்னு தெரியல. எல்லாத்துக்கும் கையக் காட்டிட்டேன்" என்று போனில் சொன்னாள்.

சோஹாரில் வந்து இறங்கியதும் சயீத் தாளை நீட்டினார். "பார்த்தாயா, அதே சம்பளம்தான்" என்று வெற்றிச் சிரிப்பு சிரித்தார். கையெழுத்துப் போட்டேன். அவர் ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்று மச்சான் வேலை முடிந்து வண்டியோடு தெருவுக்குள் வரும் நேரம் பார்த்துப் போன் செய்கிறேன். எடுத்ததும் என் முதல் கேள்வி, கிரீஸ் அடித்தீர்களா என்பதுதான். கிரீஸ் அடித்தால் புஷ் தேயாது. அதைக் கேட்பது என் கடமை, கேட்கிறேன். "அடிச்சேன்பா. நல்லா கீறியான்னு ஒரு வார்த்த கேக்கமாட்டியா?" என்கிறார். பிறகு அவர் லேஅவுட்டைப் பற்றிப் பேசுகிறார். நான் உம் கொட்டிக்கொண்டே அவர் குரலுக்குப் பின்னால் கேட்கிறதைக் கவனிக்கிறேன். நானே உருண்டையாகக் கடையவைத்து, நானே குளிரவைத்து, நானே நுழைத்த புஷ். அது தேய வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மெக்கானிக் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் டொடக் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டேன்.

"மச்சான், அது என்ன சத்தம்?"

"எது? அதுவா? பக்கத்து வூட்டு கேட்ட சாத்துறாங்க மாப்ள."

நான் மறுபடி உட்கார்ந்தேன். "சரி மச்சான், கிரீஸ் அடிக்க மறந்துடாதீங்க" என்றேன்.